இரு இணைய இணைப்புகளை ஒரே வலையமைப்பில் சேர்த்தல் – வரலாறு

ஒரு வீடு, அலுவலகம் அல்லது கல்லூரியின் உள்ளக வலையமைப்பை ஒரே நேரத்தில் இரண்டு இணைய இணைப்புகளுடன் பொருத்திப் பயன்படுத்தும் முறை பல்லிணைப்பு எனப்படுகிறது. இரண்டு இணைப்புகளும் பெரும்பாலும் வெவ்வேறு சேவை நிறுவனங்களிடமிருந்து பெறப்படுகின்றன. இதை நாடுவோருக்கு இரண்டு நோக்கங்கள் உண்டு. ஓர் இணைப்பு அறுந்தாலும் வேலை நிற்கக்கூடாது என்பது முதலாவது. இரண்டு இணைப்புகளின் வேகமும் கூடிக் கிடைக்க வேண்டும் என்பது இரண்டாவது. கேட்பதற்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும், முதலாவது ஓரளவு எளிதில் கைகூடியது; இரண்டாவதற்கு நாற்பது ஆண்டுகள் ஆயின. 50 மெகாபிட் வேகமுள்ள இரண்டு இணைப்புகளை வாங்கிச் சேர்த்தவர், ஒரு கோப்பைத் தரவிறக்கும்போது 100 வராமல் 50 மட்டுமே வருவதைக் கண்டு, கருவி பழுது என்று நினைப்பது இன்றும் வழக்கம். அது கருவியின் பழுதன்று. இணையத்தில் முகவரி என்பது எதைக் குறிக்கிறது என்று தொடக்கத்தில் எடுக்கப்பட்ட ஒரு முடிவின் விளைவு அது.

டிங்கர் படைத்தளத்தின் இரண்டு கம்பிகள்

இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் 1969இல் செயல்படத் தொடங்கியது. ஒவ்வொரு நிறுவனத்தின் கணினியும் ஐ.எம்.பி. எனப்பட்ட ஒரு சிறு கணினியுடன் இணைக்கப்பட்டது. பொதிகளை வாங்கி அடுத்த ஐ.எம்.பி.க்கு அனுப்புவது அதன் வேலை. இன்றைய ரூட்டர் எனப்படும் திசைவியின் மூதாதை அது. ஒரு கணினியின் முகவரி, அது எந்த ஐ.எம்.பி.யின் எத்தனையாவது துளையில் செருகப்பட்டிருக்கிறது என்பதைக் கொண்டே அமைந்தது. முகவரியில் மொத்தம் 8 பிட்டுகள். அவற்றுள் 6 ஐ.எம்.பி.யின் எண்ணுக்கு, 2 துளையின் எண்ணுக்கு.

1972இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்திலுள்ள டிங்கர் விமானப்படைத் தளம் இந்த வலையமைப்பில் சேர்ந்தபோது, தன் கணினிக்கு இரண்டு வெவ்வேறு ஐ.எம்.பி.களிலிருந்து கம்பி வேண்டும் என்று கேட்டது. படைத்தளம் என்பதால் ஒன்று செயலிழந்தாலும் மற்றொன்று இருக்க வேண்டும் என்ற எண்ணம் இயல்பானதே. அந்தக் காலத்தில் ஆர்ப்பாநெட்டில் பணியாற்றிய ஜான் டே இந்நிகழ்வைப் பின்னாளில் பதிவு செய்துள்ளார். இரண்டு கம்பிகள் என்றால் இரண்டு முகவரிகள். இரண்டு முகவரிகள் என்றால் வலையமைப்பின் கண்ணுக்கு இரண்டு தனித்தனிக் கணினிகள். அவை இரண்டும் ஒன்றே என்பதை அறிய வலையமைப்புக்கு எந்த வழியும் இல்லை. ஆளுக்குப் பெயர் வைக்காமல் வாசலுக்குப் பெயர் வைத்தது போன்ற நிலை இது. முன்வாசல் அடைபட்டால், பின்வாசலில் இருப்பவரும் அதே ஆள்தான் என்று யாருக்கும் தெரியாது.

1983 ஜனவரி 1 அன்று ஆர்ப்பாநெட் டி.சி.பி./ஐ.பி. நெறிமுறைக்கு மாறியபோதும் இந்தக் குறை தீரவில்லை. ஐ.பி. முகவரியும் கணினிக்கு அன்றி, கணினியின் ஒவ்வொரு இணைப்பு முனைக்கும் கொடுக்கப்படுகிறது. அதன்மேல் இயங்கும் டி.சி.பி., ஒவ்வொரு உரையாடலையும் நான்கு விவரங்களால் அடையாளம் காண்கிறது: அனுப்புபவரின் முகவரி, அவருடைய போர்ட் எண், பெறுபவரின் முகவரி, அவருடைய போர்ட் எண். நான்கில் ஒன்று மாறினாலும் அது வேறு உரையாடல். நடுவழியில் இணைப்பை மாற்றினால் முகவரி மாறும். முகவரி மாறினால் பேச்சு அறுந்துவிடும். ஒரு பொருளின் பெயர், அது இருக்கும் இடம், அதை அடையும் வழி ஆகியவற்றைக் குழப்பிக்கொள்ளக்கூடாது என்று மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஜெரோம் சால்ட்சர் 1982இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். அது 1993இல் ஆர்.எஃப்.சி. 1498 என்ற ஆவணமாக மறுபதிப்புப் பெற்றது. அதற்குள் இணையம் உலகெங்கும் பரவிவிட்டிருந்தது.

பெரியவர்களுக்கான வழி

பெரிய நிறுவனங்களுக்கு ஒரு தீர்வு 1989இல் கிடைத்தது. சிஸ்கோ நிறுவனத்தின் கிர்க் லாஹீடும் ஐ.பி.எம். நிறுவனத்தின் யாகோவ் ரெக்டரும் ஒரு கூட்டத்தின் இடைவேளையில் காகிதக் கைத்துடைப்பான்களில் வரைந்த பி.ஜி.பி. நெறிமுறை அது. அவ்வாண்டு ஜூன் மாதம் ஆர்.எஃப்.சி. 1105 ஆக வெளியாயிற்று. இதன்படி ஒரு நிறுவனம் தனக்கெனச் சொந்த முகவரித் தொகுதியையும் ஒரு தன்னாட்சி எண்ணையும் பெற்றுக்கொண்டு, இரண்டு சேவை நிறுவனங்கள் வழியாகவும் ‘இந்த முகவரிகள் இங்கே உள்ளன’ என்று உலகுக்கு அறிவிக்கலாம். ஒரு வழி அடைபட்டால் உலகின் திசைவிகள் மற்ற வழியைத் தேர்ந்துகொள்ளும். முகவரி மாறாததால் உரையாடலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

ஆனால் இந்த வழி சிறியவர்களுக்குத் திறக்கவில்லை. 256 முகவரிகளுக்குக் குறைந்த தொகுதியை அறிவித்தால் பிற நிறுவனங்களின் திசைவிகள் பொதுவாக ஏற்பதில்லை. ஐந்து கணினிகள் வைத்திருக்கும் கடைக்கு 256 முகவரிகள் எதற்கு? மேலும், இப்படி அறிவிக்கப்படும் ஒவ்வொரு தொகுதியும் உலகின் மைய வலையமைப்புகளில் உள்ள திசைவிகளின் நினைவகத்தில் ஒரு வரியாக அமர்கிறது. 2014 ஆகஸ்ட் 12 அன்று அந்த வரிகளின் எண்ணிக்கை 5,12,000 என்ற அளவைத் தாண்டியபோது, அவ்வளவுக்கே இடம் ஒதுக்கப்பட்டிருந்த சில பழைய திசைவிகள் தடுமாறின. பல இடங்களில் இணையம் மந்தமானது. ஒவ்வொரு வீடும் இவ்வழியில் இரண்டு இணைப்புகளை வைத்துக்கொள்ள முற்பட்டால் என்னவாகும் என்பதற்கு அந்த நாள் ஒரு சிறு எடுத்துக்காட்டு.

தொலைபேசிக் கம்பிகளின் காலம்

வீடுகளில் வேகத்தைக் கூட்டும் முயற்சி தொலைபேசியில் தொடங்கியது. ஐ.எஸ்.டி.என். எனப்பட்ட எண்முறைத் தொலைபேசிச் சேவையின் அடிப்படை இணைப்பில் தலா 64 கிலோபிட் வேகமுள்ள இரண்டு தடங்கள் இருந்தன. ஜப்பானின் என்.டி.டி. நிறுவனம் 1988இல் இச்சேவையைத் தொடங்கியது. ஜெர்மனியிலும் இது பெரிதும் பரவியது. இரண்டு தடங்களையும் சேர்த்து 128 கிலோபிட் பெறுவதற்கான நெறிமுறையான மல்டிலிங்க் பி.பி.பி. 1994 நவம்பரில் ஆர்.எஃப்.சி. 1717 ஆகவும், திருத்தங்களுடன் 1996 ஆகஸ்டில் ஆர்.எஃப்.சி. 1990 ஆகவும் வெளிவந்தது.

இதன் செயல்முறை எளிது. அனுப்பும் முனை ஒவ்வொரு பொதியையும் துண்டுகளாக வெட்டி, வரிசை எண் இட்டு, இரண்டு தடங்களிலும் பிரித்து அனுப்பும். மறுமுனை அவற்றை எண் வரிசையில் ஒட்டி முழுப் பொதியாக்கும். ஒற்றைக் கோப்பின் தரவிறக்கம்கூட உண்மையிலேயே இரு மடங்கு வேகம் பெற்றது. அதற்குக் காரணம், இரண்டு தடங்களும் ஒரே சேவை நிறுவனத்தில், ஒரே கருவியில் சென்று முடிந்தன, முகவரியும் ஒன்றே. பின்னாளில் இரு நிறுவனங்களின் இணைப்புகளைச் சேர்க்க முயன்றவர்களுக்கு வாய்க்காதது இதுதான்.

ஒரே நிறுவனம் என்றாலும் சிக்கல் வரவே செய்தது. பயனர் கூடியதும் நிறுவனங்கள் பல அணுகு கருவிகளை அடுக்கி வைத்தன. முதல் அழைப்பு ஒரு கருவியிலும் இரண்டாவது அழைப்பு பக்கத்துக் கருவியிலும் போய் விழுந்தால் துண்டுகளை ஒட்ட ஆள் இல்லை. இதற்காகவே, கருவிகள் தங்களுக்குள் பேசி ஒரே பயனரின் அழைப்புகளை ஓரிடத்தில் சேர்க்கும் ஏற்பாட்டைச் சிஸ்கோ போன்ற நிறுவனங்கள் உருவாக்க வேண்டியிருந்தது. கட்டணமும் ஒரு தடை. இரண்டு தடங்கள் என்பது இரண்டு தொலைபேசி அழைப்புகள். நிமிடக் கணக்கும் இரட்டிப்பு. தேவை கூடும்போது மட்டும் இரண்டாவது தடத்தைத் திறந்து, குறைந்ததும் மூடும் நெறிமுறை 1997இல் வந்தது.

சாதாரணத் தொலைபேசி மோடம் வைத்திருந்தவர்களும் சும்மா இருக்கவில்லை. சைமன் ஜேன்ஸ் எழுதிய ஈக்வல் என்ற லினக்ஸ் இயக்கி 1995இல் இரண்டு மோடம்களைச் சேர்த்தது. மறுமுனையிலும் அதற்கான ஆதரவு இருந்தால்தான் வேலை செய்யும். 1990களின் பிற்பகுதியில் டயமண்ட் மல்டிமீடியா நிறுவனம் ‘ஷாட்கன்’ என்ற பெயரில், இரண்டு 56 கிலோபிட் மோடம்களை ஒரே அட்டையில் வைத்து 112 கிலோபிட் என்று விளம்பரம் செய்தது. விண்டோஸ் 98 இயங்குதளத்திலேயே இந்த வசதி சேர்க்கப்பட்டது. இரண்டு தொலைபேசி இணைப்புகளை வைத்திருந்த வீடுகளுக்கே இது பயன்பட்டது.

இந்தியாவில் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கான இணையச் சேவையை 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. சென்னை அதன் முதல் நகரங்களுள் ஒன்று. தனியார் சேவை நிறுவனங்களுக்கு 1998இல்தான் வாய்ப்பு வந்தது. அதுவரை ‘வேறொரு நிறுவனத்தின் இரண்டாவது இணைப்பு’ என்ற பேச்சுக்கே இடமில்லை. தமிழ்நாட்டின் பிரவுசிங் சென்டர்களில் அன்றைய கேள்வி இரண்டு இணைப்புகளை எப்படிச் சேர்ப்பது என்பதன்று. ஒரே ஒரு இணைப்பை எட்டுக் கணினிகளுக்கு எப்படிப் பங்கிடுவது என்பதே. அந்தக் கேள்விக்குக் கிடைத்த விடை, எதிர்பாராத விதமாக மற்றதற்கும் வழிவிட்டது.

ஒரு முகவரிக்குப் பின்னால் ஒரு வீடு

1994 மே மாதம் செல் எகேவாங், பால் பிரான்சிஸ் ஆகிய இருவரும் ஆர்.எஃப்.சி. 1631இல் முகவரி மாற்றம் என்ற உத்தியை முன்வைத்தனர். முகவரிகள் தீர்ந்துவருவதைத் தள்ளிப்போடுவதே அதன் நோக்கம். உள்ளே இருக்கும் கணினிகளுக்குத் தனிப்பட்ட முகவரிகள்; வெளியே செல்லும் பொதிகளில் மட்டும் திசைவி தன் பொது முகவரியை எழுதி அனுப்பும். 192.168 என்று தொடங்கும், இன்று வீட்டுக்கு வீடு காணப்படும் முகவரிகள் 1996இன் ஆர்.எஃப்.சி. 1918 வரையறுத்தவை.

பல்லிணைப்புக்கு இது எப்படி உதவியது? திசைவிதான் முகவரியை எழுதுகிறது என்றால், ஒரு பொதியை முதல் இணைப்பில் அனுப்பும்போது அந்த நிறுவனம் தந்த முகவரியையும், இரண்டாவதில் அனுப்பும்போது அதன் முகவரியையும் எழுதலாம். உள்ளே இருக்கும் கணினிக்கு எதுவும் தெரியவேண்டியதில்லை. சேவை நிறுவனங்களின் அனுமதியோ பி.ஜி.பி. எண்ணோ தேவையில்லை. முகவரியைச் சரியாக எழுதுவது கட்டாயமும் ஆயிற்று. தங்களுக்கு உரியதல்லாத முகவரியுடன் வரும் பொதிகளை வாசலிலேயே தள்ளிவிட வேண்டும் என்று 2000ஆம் ஆண்டின் ஆர்.எஃப்.சி. 2827 சேவை நிறுவனங்களுக்குப் பரிந்துரைத்தது.

1999 ஜனவரியில் வெளியான லினக்ஸ் 2.2 கெர்னலில் அலெக்சி குஸ்னெத்சோவ் எழுதிய புதிய வழித்தேர்வு வசதிகள் இடம்பெற்றன. பழைய கணினி ஒன்றில் மூன்று வலையமைப்பு அட்டைகளைச் செருகி, ஒன்றை வீட்டுக்கும் மற்ற இரண்டை இரு நிறுவனங்களுக்கும் கொடுத்தால் போதும். பெர்ட் ஹூபர்ட்டும் நண்பர்களும் எழுதிய லினக்ஸ் வழித்தேர்வுக் கையேட்டில் இதற்கென ஒரு பகுதி இருந்தது; உலகெங்கும் தன்னார்வலர்கள் அதைப் பார்த்தே தங்கள் திசைவிகளை அமைத்தனர். பின்னர் லிங்க்சிஸ் ஆர்.வி.042 போன்ற, இரண்டு இணையத் துளைகள் உள்ள பெட்டிகள் கடைகளுக்கு வந்தன. 2004இல் தொடங்கப்பட்ட பி.எஃப்.சென்ஸ் என்ற கட்டற்ற மென்பொருளும், லாட்வியாவின் மைக்ரோடிக் நிறுவனத் திசைவிகளும் இந்த வேலையைச் சிறு அலுவலகங்களுக்கு எட்டச் செய்தன.

பங்கிடுவது வேறு, சேர்ப்பது வேறு

இந்தப் பெட்டிகள் செய்ததைச் சேர்த்தல் என்பதைவிடப் பங்கிடுதல் என்பதே பொருத்தம். ஒவ்வொரு புதிய உரையாடலையும் ஏதேனும் ஓர் இணைப்பில் ஏற்றி, முடியும்வரை அதிலேயே வைத்திருக்கும். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும்போது மொத்தத்தில் இரண்டு இணைப்புகளின் வேகமும் செலவாகும். ஒருவர் ஒரு கோப்பை இறக்கும்போது ஒன்றே கிடைக்கும்.

ஒரே உரையாடலின் பொதிகளை ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டிலும் அனுப்பினால் என்ன என்று முயன்றவர்கள் உண்டு. மறுமுனையிலுள்ள வழங்கிக்கு அவை இரண்டு வெவ்வேறு முகவரிகளிலிருந்து வருவதால் பாதி குப்பைக்குப் போகும். முகவரியை எப்படியோ ஒன்றாக்கினாலும் வேறொரு தொல்லை காத்திருந்தது. ஓர் இணைப்பின் தாமதம் 20 மில்லிநொடி, மற்றதன் தாமதம் 80 மில்லிநொடி என்றால் பொதிகள் வரிசை தப்பி வந்து சேரும். டி.சி.பி. அதைப் பொதி இழப்பு என்று எண்ணி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சேர்த்த பிறகு, தனியாக இருந்ததைவிட மெதுவாகப் போவதும் நடந்தது.

பங்கிடுவதிலும் சங்கடங்கள் இருந்தன. வங்கித் தளம் ஒன்றில் உள்நுழைந்தவரின் அடுத்த கோரிக்கை மற்ற இணைப்பு வழியாகச் சென்றால், முகவரி மாறியதைக் கண்ட தளம் அவரை வெளியேற்றிவிடும். கோப்புப் பரிமாற்றத்துக்கான எஃப்.டி.பி. கட்டளைக்கு ஒன்றும் தரவுக்கு ஒன்றுமாக இரண்டு உரையாடல்களைத் திறப்பது. இரண்டும் வெவ்வேறு வழியில் போனால் அதுவும் முடங்கும். ஒரு நிறுவனத்தின் பெயர் வழங்கி தன் வாடிக்கையாளர்களுக்கு மட்டுமே பதில் சொல்லும் என்பதால், கேள்வி மற்ற நிறுவனத்தின் கம்பியில் போனால் பதிலே வராது. எனவே ஒரே கணினி ஒரே தளத்துடன் பேசுவதை ஒரே இணைப்பில் ஒட்டவைக்கும் விதிகள் சேர்க்கப்பட்டன. லினக்ஸ் கெர்னலே இதில் ஊசலாடியது. முதலில் ஒரு தளத்துக்குத் தேர்ந்த வழியை நினைவில் வைத்திருந்தது, 2012இன் 3.6 பதிப்பில் அந்த நினைவகம் நீக்கப்பட்டதும் அந்த ஒட்டுதல் போயிற்று. 2016 ஜனவரியில் வந்த 4.4 பதிப்பில் முகவரிகளைக் கொண்டு கணக்கிட்டு வழியைத் தேரும் முறை வந்தபின்தான் அது சீரானது.

அறுந்ததை அறிவது எப்படி

இணைப்பு அறுந்தால் மற்றதற்கு மாறுவது எளிது. அறுந்துவிட்டது என்று அறிவதுதான் கடினம். கம்பி பிடுங்கப்பட்டால் திசைவிக்கு உடனே தெரியும். ஆனால் பெரும்பாலான பழுதுகள் அப்படி நேர்வதில்லை. மோடம் உயிருடன் இருக்கும், விளக்கு எரியும், சேவை நிறுவனத்துக்கு அப்பால் எங்கோ வழி அறுந்திருக்கும். அதனால் தொலைவிலுள்ள ஏதேனும் ஒரு கணினியைச் சில நொடிகளுக்கு ஒருமுறை அழைத்துப் பார்த்து, பதில் வராவிட்டால் இணைப்பு செத்தது என்று முடிவு செய்யும் முறை வந்தது. கூகுள் 2009 டிசம்பரில் தொடங்கிய 8.8.8.8 என்ற பெயர் வழங்கியை எண்ணற்ற திசைவிகள் இன்று இதற்கே பயன்படுத்துகின்றன. அது ஏற்பட்டது வேறு வேலைக்கு.

இரண்டு கம்பிகள் என்பதாலேயே இரண்டு வழிகள் ஆகிவிடாது. 2001 ஜூலை 18 அன்று அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஹோவர்ட் தெருச் சுரங்கத்தில் சரக்கு ரயில் தடம் புரண்டு தீப்பற்றியது. போட்டி நிறுவனங்கள் பலவற்றின் ஒளியிழைகள் அந்த ஒரே சுரங்கத்தின் வழியே சென்றுகொண்டிருந்தது அன்றுதான் பலருக்குத் தெரிந்தது. 2004 ஆகஸ்டில் கொழும்புத் துறைமுகத்துக்கு அருகே ஒரு கப்பலின் நங்கூரம் கடலடிக் கேபிளைச் சேதப்படுத்தியதில், இலங்கையின் இணையமும் வெளிநாட்டுத் தொலைபேசியும் பெருமளவு துண்டிக்கப்பட்டன. கொழும்பில் ஓர் அலுவலகம் இரண்டு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்கியிருந்தாலும், இரண்டும் கடலுக்குள் ஒரே கேபிளில் இறங்கியிருந்தால் பயனில்லை. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே சீ-மீ-வீ 4, ஃபிளாக் ஆகிய இரண்டு கேபிள்களும் ஒரே நாளில் சேதமடைந்தபோது, இந்தியா முதல் எகிப்து வரை இணையம் தளர்ந்தது. ஒன்றுக்கு ஒன்று மாற்றாக இருந்திருக்க வேண்டியவை அவை. தமிழ்நாட்டு நகரங்களில் இரண்டு நிறுவனங்களின் ஒளியிழையும் ஒரே கம்பத்தில் தொங்குவதும், மழைநீர் வடிகாலுக்குத் தோண்டும்போது இரண்டும் சேர்ந்தே அறுபடுவதும் இதே கதையின் சிறு வடிவம். ஒன்று கம்பியாகவும் மற்றது கைப்பேசிக் கோபுரம் வழியாகவும் இருப்பது இதனாலேயே பரிந்துரைக்கப்படுகிறது.

டி.சி.பி.யைத் திருத்துதல்

டிங்கர் படைத்தளம் கேட்டதை நெறிமுறை அளவிலேயே தர முயன்றவற்றுள் முதலில் குறிப்பிடத்தக்கது எஸ்.சி.டி.பி.; 2000 அக்டோபரில் ஆர்.எஃப்.சி. 2960 ஆக வந்தது. ஒரே உரையாடலுக்குப் பல முகவரிகளை இது அனுமதித்தது. தொலைபேசி நிறுவனங்கள் இதை ஏற்றுக்கொண்டன. 4ஜி கோபுரங்கள் மைய வலையமைப்புடன் இதன் வழியாகவே கட்டளைகளைப் பரிமாறிக்கொள்கின்றன. வீடுகளுக்கு மட்டும் இது வரவேயில்லை. முகவரி மாற்றம் செய்யும் பெட்டிகள் டி.சி.பி.யையும் யு.டி.பி.யையும் மட்டுமே அறிந்திருந்தன. அறியாத ஒன்றைக் கண்டதும் தூக்கி எறிந்தன. பல்லிணைப்பைச் சிறியவர்களுக்கு எட்டச் செய்த அதே உத்தி, அதைவிடச் சிறந்த தீர்வுக்கு முட்டுக்கட்டையானது.

இதைப் பாடமாகக் கொண்டு உருவானதே எம்.பி.டி.சி.பி. பெல்ஜியத்தின் லூவேன் பல்கலைக்கழகத்தில் ஒலிவியே போனவாந்தூரின் குழுவினரும், லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் மார்க் ஹேண்ட்லி, காஸ்டின் ராய்ச்சு உள்ளிட்டோரும் இதில் உழைத்தனர். ஒவ்வொரு இணைப்பிலும் செல்வது, வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சாதாரண டி.சி.பி. உரையாடலாகவே தோன்றும். உள்ளே இருக்கும் குறிப்புகளைக் கொண்டு இரு முனைகளும் அவற்றை ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளும். நடுவிலிருக்கும் பெட்டி அந்தக் குறிப்புகளை அழித்துவிட்டால் பழைய டி.சி.பி.யாகவே தொடரும். 2013 ஜனவரியில் ஆர்.எஃப்.சி. 6824 வெளியானது. அதே ஆண்டு செப்டம்பரில் ஆப்பிள் தன் ஐ.ஓ.எஸ். 7இல் சிரி குரல் உதவிக்கு இதைப் பயன்படுத்தியது. வீட்டு வைஃபையிலிருந்து வெளியே நடந்து செல்லும்போது பேச்சு அறாமல் கைப்பேசி வலையமைப்புக்கு மாறியது.

மறுமுனையிலுள்ள வழங்கியும் இதை அறிந்திருக்க வேண்டும் என்பது குறையே. பெரும்பாலான தளங்கள் அறியா. அதற்கு மாற்றாக, வாடகைக்கு எடுத்த ஒரு வழங்கியை நடுவில் வைத்து, வீட்டின் இரண்டு இணைப்புகளிலிருந்தும் சுரங்கப்பாதைபோல அதற்கு வழி அமைத்து, அங்கே துண்டுகளை ஒட்டி, ஒரே முகவரியுடன் இணையத்துக்கு அனுப்பும் முறை பரவியது. ஓப்பன் எம்.பி.டி.சி.பி. ரூட்டர் என்ற கட்டற்ற மென்பொருள் இதைச் செய்கிறது. ஜெர்மனியின் டாய்ச்சு டெலிகாம் நிறுவனம் மெதுவான தொலைபேசிக் கம்பி உள்ள ஊர்களுக்கு, அதனுடன் 4ஜியைச் சேர்த்துத் தரும் சேவையை 2015இல் நாடெங்கும் விரித்தபோது, ஒட்டும் வேலையைத் தன் வலையமைப்பிலேயே செய்தது. வடிவத்தில் இது 1994இன் மல்டிலிங்க் பி.பி.பி.யே: துண்டு, வரிசை எண், ஒட்டுவதற்கு மறுமுனையில் ஓர் ஆள். மாறியது ஒன்றுதான், அந்த ஆளை இப்போது பயனரே கூலிக்கு அமர்த்திக்கொள்ளலாம். ஆனால் எல்லாப் போக்குவரத்தும் அந்த ஒரே வழங்கியைக் கடந்தாக வேண்டும். அது நின்றால் இரண்டு இணைப்புகளும் சேர்ந்தே நிற்கும்.

எம்.பி.டி.சி.பி.யின் திருத்திய வடிவம் 2020 மார்ச்சில் ஆர்.எஃப்.சி. 8684 ஆக வந்தது. அதே மாதம் வெளியான லினக்ஸ் 5.6 கெர்னலில் அதன் தொடக்கப் பகுதிகள் முதன்முறையாக அதிகாரபூர்வமாக இடம்பெற்றன. அடுத்த ஆண்டு மே மாதம் வந்த குயிக் நெறிமுறையான ஆர்.எஃப்.சி. 9000, உரையாடலை முகவரியால் அடையாளம் காண்பதைக் கைவிட்டு, ஒவ்வொன்றுக்கும் தனி எண் ஒன்றைக் கொடுத்தது. இணைப்பு மாறி முகவரி மாறினாலும் அந்த எண் இருக்கும்வரை பேச்சு தொடரும். வாசலுக்குப் பதிலாக ஆளுக்குப் பெயர் வைக்கும் வழக்கம் இவ்வாறு இணையத்தில் இடம்பிடித்தது, டிங்கர் தளம் இரண்டாவது கம்பியைக் கேட்டு 49 ஆண்டுகள் கழித்து.